பச்சை டிக் வாங்கிய முகவரி

மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டு நிலத்துக்கு மோட்டார் மின் இணைப்பு கேட்டு விண்ணப்பிக்க, இன்று ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஆலங்காயம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

என் மின்னஞ்சல் முகவரியில் ஒரு கூட்டல் குறி உண்டு. காலையில்கூட அதற்கு மெயில் வந்தது. ஆனால் மின்வாரிய இணையதளம், "சரியான முகவரி தரவும்" என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. முகவரியில் கூட்டல் குறி வரலாம் என்று அதை எழுதிய மேதைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சென்டர் நடத்தும் ஸ்டெல்லா அக்கா கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார். "இதுங்கூட இன்னாத்துக்குப்பா மல்லு கட்ற? தள்ளு."

வரிசையாக நாலைந்து ஏ, ஒரு @ குறி, மறுபடி நாலைந்து ஏ, டாட் காம்.

உடனே பச்சை டிக்!

"யார் மெயில்க்கா இது?"

"யாருக்குத் தெரியும்? மலைலேர்ந்து வர்ற எல்லாருக்கும் இதான் போட்றேன். ஒருவாட்டிகூட தப்புன்னு சொன்னதில்ல."

"நெலத்த என்னிக்குப் பாக்க வர்றாங்கன்னு மெயில்லதானக்கா சொல்வாங்க?"

"எங்க சொல்றாங்க? போன வருசம் போட்டவங்களுக்கே இன்னும் பதில் வர்ல. ஆபீசே சரியில்லப்பா."

அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் யாராவது இதைப் படித்தால், எங்கள் மலைக்கு அதிகாரி என்றைக்கு வருகிறார் என்று கமெண்டில் சொல்லிவிடுங்கள். சாமைப் பயிர் தண்ணீரில்லாமல் காய்கிறது.