மெத்தைக் கடையில் ஒரு பெரிய பிடில்

மெத்தைக் கடைக்காரனுக்குத் தைக்கிற வேலை பாதிதான். மீதிப் பாதி, ஊரார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற சாமான்களுக்குக் காவல் கிடப்பது. செஞ்சி பஜாரில் உடையக்கூடிய பொருள் எது வந்து இறங்கினாலும், "காதர் பாய் கடையில பஞ்சு இருக்குது, அங்க வெச்சிடு" என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணச் சீர்க் கண்ணாடி, பீங்கான் ஜாடி, ஒரு தடவை ஒரு கூடை வாத்து முட்டைகூட வந்தது. ஒன்றும் உடைந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நம் ஜாதி கஷ்டம் நமக்குத்தானே தெரியும், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைத் துணிக்குள் யாரு?

டி.வி. உள்ள வீடுகளை ஊரே விரல்விட்டு எண்ணிய எண்பதுகளின் தொடக்கம் அது. பெர்னார்டு சார் பகலில் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலமானால் பாபு என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் டபுள் பேஸ் வாசிப்பார். பிடில் பார்த்திருப்பீர்கள். அதையே ஆள் உயரத்துக்கு வளர்த்து, நிற்க வைத்து, பின்னால் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஊரில் யாரும் டபுள் பேஸ் என்று சொல்லவில்லை, பெரிய பிடில் என்றுதான் சொன்னார்கள். பாண்டிச்சேரியில் ஒரு பழைய பாண்டு வாத்தியக்காரரிடம் சார் வாங்கியது.

அவருக்கு நாலு பிள்ளைகள், ஒன்றரை ரூம் வீடு. பிள்ளைகள் பிடிலுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியதில் அது இரண்டு தடவை சாய்ந்து விழுந்து ரிப்பேராகிவிட்டது. பாபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி ரிப்பேர்னு வந்து நின்னீங்கன்னா, திண்டிவனத்துல ஒரு பேஸ் கிதார்க்காரன் இருக்கான், அவனப் போட்டுக்குவேன்." சாருக்கு வேறு வாத்தியம் வராது. அந்தக் குழு போனால் அவர் வாசிப்பும் போச்சு. கண் கலங்க என்னிடம் வந்து கேட்டார். "என் தலையே போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது சார்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றி, தலைப்பக்கம் நானும் கால்பக்கம் சாருமாக பஜார் வழியே தூக்கி வந்தோம். எதிர்க்கடை அரிசி மண்டிச் செட்டியார் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. நாங்கள் உள்ளே இறக்கி வைத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று, மெல்லிய குரலில் கேட்டார்: "யாரு பாய் தவறிட்டது? காலையில கூட யாரும் ஒண்ணும் சொல்லலியே!"

தண்ணிப் பானை

பெரிய பிடிலுக்குச் சார் சொன்ன சட்டங்களைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. வெயில் படக்கூடாது. சுவரை ஒட்டி நிற்கக்கூடாது. முகம் கீழே வைத்துப் படுக்க வைக்கவே கூடாது. எங்கள் தொழிலில் எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே மருந்து, தூக்கி வெயிலில் போடு! பிடிலுக்கு அது விஷமாம். கோடையில் செஞ்சியைச் சுற்றி நிற்கிற மலை மூன்றும் சேர்ந்து சூட்டைக் கக்குமே, அப்போது மரம் காய்ந்து வெடித்துவிடுமாம். அதனால் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க வேண்டுமாம். பஞ்சுக் கடையில் தண்ணீரா! என்னைப் பெற்ற அத்தா உயிரோடு இருந்திருந்தால் என்னைக் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். கடையின் ஒரு மூலையில் பஞ்சு மூட்டைகளைத் தள்ளிவிட்டு, பலகை போட்டு, பிடிலைத் துணி மூடி நிறுத்தினேன். எதிரே ஈர மணல் பரப்பி, புதுப் பானையில் தண்ணீர் வைத்தேன். மகள் கல்யாணத்துக்குத் தலையணை சொல்ல வந்த சிங்கவரத்து அம்மா ஒருத்தி அந்த மூலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கலசம் வெச்சி கும்புடறீங்களா பாய்? எந்த சாமியா இருந்தா இன்னா, எம்பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்குங்க."

எலிக்குத் தலகாணி

பஞ்சு இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? பிடிலின் வயிற்றில் இரண்டு பக்கமும் வளைவாக இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒருநாள் காலையில் ஒரு எலி அந்த ஓட்டையில் மூக்கை நுழைத்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி உள்ளே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் முழக்கோலை எடுத்துவிட்டேன். ஓங்கிய பிறகுதான் அடி எங்கே விழும் என்று உறைத்தது. கோலைக் கீழே போட்டுவிட்டு வாயாலேயே துரத்தினேன்.

அன்றே ஓட்டையின் அளவு எடுத்து, இலவம்பஞ்சு அடைத்து, வெள்ளரிப் பிஞ்சு நீளத்தில் இரண்டு குட்டித் தலையணை தைத்தேன். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. அதுவரைக்கும் செய்த தொழிலில் அவ்வளவு நுணுக்கமான தையல் போட்டதில்லை என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கடைக்கு வந்த டீக்கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலி ரொம்ப ராசியானது பாய். நான் சொன்ன ரெண்டு தலகாணி மூணு மாசமா வரல."

பஸ் பிரயாணம்

மண்டகப்பட்டில் ஒரு கச்சேரி. குழுவின் வேனில் மற்ற வாத்தியங்களுக்கே இடம் போதவில்லை. பிடிலைப் பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும் என்று பாபு சொல்லிவிட்டார். பிடிலுக்கு நான் மெத்தையிலேயே சட்டை தைத்தேன். கழுத்துக்கு மெலிசாக, இடுப்புக்குக் கொஞ்சம், விலாவுக்குத் தாராளமாகப் பஞ்சு வைத்து, பொத்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அப்படியும் மனம் கேட்காமல் நானும் கூடவே ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முன்னால் அதை நிற்க வைத்து, வழி நெடுக இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றேன். பள்ளம் வந்தால் "மெதுவா!" என்பேன். மேடு வந்தால் "பாத்து!" என்பேன். டிரைவர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். இறங்கும்போது கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னது: "ஒம்போது மாசத்துப் புள்ளத்தாச்சியக் கூட இப்படி யாரும் கூட்டிப் போனதில்ல பாய். சுகப்பிரசவம் ஆவட்டும்."

நான் கொடுத்த ஓய்வு

இனி என் அழகைக் கேளுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாகக் கச்சேரி இல்லை. பிடில் சும்மா நின்றது. அதன் நாலு நரம்பும் விறைப்பாக இழுத்துக் கட்டியே இருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாங்கள் பஞ்சு கொட்டுகிற வில்லிலும் நரம்புதான் இருக்கிறது. வேலை முடிந்தால் அதைத் தளர்த்திவிட்டுத்தான் சுவரில் மாட்டுவோம். இல்லையென்றால் வில்லின் உயிர் போய்விடும். இது எங்கள் அத்தா சொன்னது, அவருக்கு அவர் அத்தா சொன்னது.

ஆகவே நாலு திருகையும் திருகி நாலு நரம்பையும் மொத்தமாகத் தளர்த்திவிட்டேன். நரம்பைத் தாங்கி நின்ற மரக் குதிரை கையோடு வந்தது. அதையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி மெஹருன்னிசா உறை தைத்தபடி எட்டிப் பார்த்தாள். என்ன செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். "அது அவரு பொருளுங்க. அவர ஒரு வார்த்த கேக்காம நீங்க எப்படி கைய வெச்சீங்க?"

கோணிப்பைச் சத்தம்

மழை விட்டது. செஞ்சியிலேயே ஒரு கல்யாண வரவேற்பு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. திண்டிவனத்துக் கிதார்க்காரனையும் பாபு வரச் சொல்லியிருந்தார். பிடிலில் ஏதாவது குறை வந்தால் அன்றைக்கே ஆள் மாற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். சார் வருவதற்கு முன்னால், எடுத்ததை எல்லாம் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று விடிந்ததும் குதிரையை நிறுத்தி, நரம்பை முறுக்கினேன். பிடிலைச் சாய்த்தபோது உள்ளே 'டொக்' என்று எதுவோ உருண்டது. எலி கொண்டுவந்து போட்ட வேர்க்கடலை என்று நினைத்துக்கொண்டேன்.

சார் வந்து ஆசையாக ஒரு நரம்பைச் சுண்டினார். கோணிப்பையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் சாண் நீளக் கட்டை ஒன்று நிற்குமாம். அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. நரம்பின் அழுத்தத்தில்தான் நிற்குமாம். அது விழுந்துவிட்டால் பிடிலுக்குக் குரலே இல்லை. மெட்ராஸுக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்த வேண்டும். "மழ ஈரத்துல மரம் நெகிழ்ந்திருக்கும் பாய். உங்க மேல தப்பில்ல" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அந்தக் குரல் உடைந்திருந்தது.

தப்பித்துக்கொள்ள எனக்குக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். எலி, மழை, அல்லாவின் நாட்டம், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மெஹருன்னிசா உள் வாசலில் நின்றபடி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மழையில்ல சார், நான்தான் நரம்ப அவுத்தேன்" என்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. சார் டார்ச்சைக் கீழே வைத்தார். முன்பலகை உள்வாங்கிவிடப் போகிறதென்று ஒவ்வொரு நரம்பாகத் தளர்த்தினார். பிறகு சொன்னார்: "சாய்ச்சது நீங்கன்னா நிமுத்தறதும் நீங்கதான் பாய். சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு வேணும்."

வளைந்த ஊசி

மெட்ராஸில் இதை நிறுத்துவதற்கு வளைந்த கம்பி ஒன்று வைத்திருப்பார்களாம். சார் காகிதத்தில் வரைந்து காட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எங்களிடம் மெத்தைக்குக் குத்துப் போடுகிற நீள ஊசி இருக்கிறதே! இருப்பதிலேயே பெரியதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இரண்டு இடத்தில் வளைத்தேன். பிடிலைக் குலுக்கிக் கட்டையை வெளியே எடுத்து, ஊசி முனையில் குத்தி, ஓட்டை வழியே உள்ளே விட்டேன். நிற்பது போல நிற்கும், ஊசியை உருவினால் விழுந்துவிடும். பகல் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் பதினொரு தடவை விழுந்தது. சார் சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க" என்றாள் மெஹருன்னிசா. மெத்தைக்கு மேலிருந்து குத்தினால் ஊசி கீழே எங்கே வரும் என்று பார்க்காமலே சொல்கிறவள் அவள். ஒரு ஓட்டையில் என்னை டார்ச் அடிக்கச் சொல்லி, இன்னொரு ஓட்டை வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பின்பலகையில் கட்டை பழைய காலத்திலிருந்து நின்ற இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் இருந்ததாம். நானும் பதினொரு தடவை பார்த்தேனே, என் கண்ணுக்கு ஏன் படவில்லை? மூச்சை அடக்கிக்கொண்டு கட்டையை அந்த வட்டத்தில் நிறுத்தி, ஊசியால் இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாக உருவினாள்.

கட்டை நின்றது! சார் குதிரையை வைத்து, மூச்சு விடாமல் நரம்புகளை ஏற்றினார். தடித்த நரம்பைச் சுண்டினார். பலகை மேல் இருந்த என் டீ கிளாஸ் அதிர்ந்தது. மெஹருன்னிசா அவளை அறியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சார் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாயம்மா, கொஞ்சம் இருங்க, நான் ஒரு நிமிசம் உக்காந்துக்கறேன்."

கிதார்க்காரன்

கச்சேரியில் நானும் அவளும் தூணோரமாக நின்றோம். முதல் வரிசையில் திண்டிவனத்துக் கிதார்க்காரன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சினிமாப் பாட்டு ஒழுங்காக முடிய வேண்டும் என்று அல்லாவிடம் துஆ கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு பாட்டுக்கும் சார் அந்த மரத்தை அணைத்துக்கொண்டு சிரித்தபடி வாசித்தார். கடைசிப் பாட்டு வரை கிதார்க்காரனின் பெட்டி திறக்கவே இல்லை.

முடிந்ததும் பாபு வந்தார். "சார், சவுண்டு முன்னவிட இப்பதான் நல்லா இருக்குது. இன்னா பண்ணீங்க?" என்றார். பெர்னார்டு சாருக்கும் பொய் வராது. நான் நரம்பை அவிழ்த்தது முதல் மெஹருன்னிசா ஊசி போட்டது வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். பாபு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சாரிடம் சொன்னார்: "இதுவும் இருக்கட்டும், நீங்களும் இருங்க சார். ஆனா ஒண்ணு, இனிமே இத பாய்கிட்ட வெக்காதீங்க, பாயம்மாகிட்ட வைங்க."

அடுத்தவர் பொருளைக் காப்பாற்றுவதில் செஞ்சியில் எனக்கு இணையாக ஆள் கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், ஆனால் திருகு, முடிச்சு, நரம்பு என்று எதைக் கண்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொல்வேன்.