சொல்லாமல் விட்ட வருத்தம்

மருதமுனை ஆகிலாவின் தையலுக்குப் பெருநாள் காலத்தில் கல்முனையிலிருந்தும் துணி வரும். நாலு வருசத்துக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, தங்கை றிஸ்லா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் இருவேளை குளிசை விழுங்குகிறாள். தங்கையின் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் குளிசை அது. இதை ஆகிலா வெளியில் சொல்வதில்லை. நோய்க்காரி என்று பேர் வந்தால் துணி வராது என்ற பயம்.

நோன்புக்கு முன் ஒருநாள் தேசிக்காய் பறிக்கையில் புறங்கையில் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனாள். ஒரு மாதத்தில் அங்கே பட்டாணியளவு கட்டி. நோவுமில்லை, காய்ச்சலுமில்லை. பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர், "வேற வருத்தம், நோய் ஏதும் இரிக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல."

கொடுத்த மருந்தை இரண்டு கிழமை, பதினாலு நாளும் விழுங்கியும் கட்டி பெருத்தது. கத்தரிக்கோல் பிடிக்க விரல் மடங்கவில்லை.

றிஸ்லா கையைப் பார்த்துவிட்டாள். "ராத்தா, டொக்டருக்கிட்ட கிட்னி மாத்தினதச் செல்லல்லயா?"

"அது அவருக்கு என்னத்துக்கு?"

"என்ட உடம்புல இருந்து எடுத்தது அது. நாளைக்கே மட்டக்களப்புக்குப் போறம்."

மட்டக்களப்புச் சிறுநீரகக் கிளினிக்கில் அவளை வழமையாகப் பார்க்கும் டொக்டர் கனகரெத்தினம் கட்டியில் ஒரு துணுக்கு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார். பங்கசு, அதாவது பூஞ்சை என்று முடிவு வந்தது.

"மண்ணிலயும் மரத்திலயும் இருக்கிற கறுப்புப் பங்கசு. முள்ளோட உள்ள போயிருக்கு. மத்தவங்களுக்கெண்டா உடம்பே அழிச்சிரும். உங்கட உடம்ப நாங்க குளிசையால கட்டிப் போட்டிருக்கிறம்."

"அப்ப குளிசைய நிப்பாட்டினா?"

"கிட்னி போயிரும்."

கட்டியை முழுதாக வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் பங்கசு மருந்து. அது சிறுநீரகக் குளிசையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அந்தக் குளிசையைக் குறைத்தார்கள். கிழமைக்கொருமுறை இரத்தப் பரிசோதனை. மூன்றாம் கிழமை முடிவு கெட்டு வந்தது; குளிசை இரத்தத்தில் கூடிப்போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. திரும்பும் பஸ்ஸில் றிஸ்லா ஜன்னலோரம் அமர்ந்தாள். களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஆகிலா, "நான் மறைச்சது பிழதான் புள்ள" என்றாள். றிஸ்லா ஜன்னலைப் பார்த்தபடியே அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் குளிசையை இன்னும் குறைத்தார். அடுத்த கிழமை சரியாகிவிட்டது.

சின்ன விரல் இன்னும் முழுதாக நிமிராது. இப்போது எந்த டொக்டரிடம் போனாலும் கதிரையில் அமருமுன்பே கிட்னி கதையைச் சொல்லிவிடுகிறாள். விசயம் ஊருக்கும் தெரிந்து இரண்டு பேர் துணி தருவதை விட்டார்கள். பஸ்மினா என்றொருத்தி துணியில்லாமலே வந்தாள். தன் புருசனுக்கும் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இருதரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்களாம். "எங்க போய் மாத்தினீங்க ராத்தா?" என்று கேட்டாள். ஆகிலா மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.