ஓய்வுநாளில் ஓடாத வாட்ச்

எங்கள் சபையில் பெண்கள் பொன் அணிவதில்லை. காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்ட தாய்க்குப் பிறந்தவள் நான். கல்யாணத்தன்றும் என் கழுத்தில் தாலி தவிர வேறொன்றும் கிடையாது. அதனால்தான் அந்த வாட்சைப் பார்த்ததும் அப்படிப் பல்லிளித்தேன் போலிருக்கிறது.

கணவருக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கர் வேலை. முதல் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தார். புளியங்கொட்டை அளவில் முகம், பொன்முலாம் பூசிய விளிம்பு, மெல்லிய கறுப்பு நாடா. தானே என் கையில் கட்டிவிட்டார்.

"இது நகை இல்லட்டி, மணி பாக்கதுக்குள்ளது. ஆரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு. நான் திரும்பி வரும்போதும் கையில கிடக்கணும்."

மணி பார்க்கவாம்! எனக்கு எதற்கு மணி? கோழி கூவினால் எழுவேன், பள்ளிக்கூட மணி அடித்தால் உலை வைப்பேன். ஆனாலும் கட்டிக்கொண்டேதான் திரிந்தேன். கருங்கல் சந்தையில் மரச்சீனிக்கிழங்கை வேண்டுமென்றே இடக்கையால் எடுத்துப் பார்ப்பேன்.

தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அதற்குச் சாவி கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டோம், முற்றம் பெருக்கமாட்டோம். சனிக்கிழமை வடித்த சோறுதான். ஒரு இயந்திரத்தை வேலை செய்ய வைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? சனிக்கிழமை கொடுத்த சாவி ஞாயிறு விடியும் முன்பே தீர்ந்துவிடும். வாட்சும் ஓய்வுநாள் ஆசரிக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அன்று திருவிருந்து ஞாயிறு. சபை மூப்பர் கோயில் வாசலிலேயே என்னை நிறுத்தினார். கையில் பொன் போட்டவளுக்கு அப்பமும் ரசமும் கிடையாது என்பது சபைக் கட்டுப்பாடு.

"இது என்ன மக்கா, கையில?"

"நகை இல்ல, பாட்டா. மணி பாக்கதுக்கு."

பின்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். மூப்பர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ குற்றமில்ல, போ" என்றார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன்.

போதகரின் பையில் ஒரு கடிகாரம் உண்டு. அதை மேசையில் வைத்துத்தான் பிரசங்கம் செய்வார். அன்று பார்த்து வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். பேச்சு நீண்டுகொண்டே போனது. குழந்தைகள் அழத் தொடங்கின. மூப்பர் எழுந்து என்னைப் பார்த்தார்.

"மணி எத்தற ஆச்சு, மக்கா? சொல்லு."

கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. வாட்சைப் பார்த்தேன். மூளை எங்கே போயிற்றோ, முள் காட்டியதை அப்படியே வாசித்துவிட்டேன்.

"நாலடிக்கப் பத்து நிமிசம்."

நடுப்பகல்கூட ஆகவில்லை. முதலில் ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். போதகரும் சிரித்தார். பாய்க்குள் புதைந்துபோகலாமா என்றிருந்தது.

மூப்பர் சிரிக்கவில்லை. என் அருகே வந்து குனிந்து, "சாவி குடுக்கலியா?" என்று கேட்டார்.

"ஓய்வுநாள் இல்லியா, பாட்டா. ஞாயிறு குடுக்கதில்ல."

அவர் முகம் கனிந்தது. என்னைப்போல் ஒருத்தி சபையில் உண்டா என்பதுபோல் பார்த்தார். பிறகு அவருக்கே ஏதோ தட்டுப்பட்டது.

"அப்போ, ஓடாதுண்ணு தெரிஞ்சே எதுக்கு மக்கா கெட்டீட்டு வந்த?"

வாட்சை அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டேன். அப்பத் தட்டு என் வரிசைக்கு வந்தபோது இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன், வெறுங்கைதான் என்றாலும்.

அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான் கட்டினேன் என்று அந்தக் கோயிலுக்குள் எப்படிச் சொல்வேன்?