பாதி மேலே, பாதி கீழே

எங்கள் கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட் என்றால் சென்னைக்கு ஒருமுறை போய்வருவது என்றுதான் அர்த்தம். அதற்கென்றே அங்கே கடைகள் இருந்தன. சர்க்யூட், அறிக்கை, கேள்விகளுக்கான பதில்கள் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தந்துவிடுவார்கள். எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பெரும்பாலோர் அப்படித்தான் வாங்கினார்கள். உத்திரமேரூரிலிருந்து என்னோடு தினமும் பஸ்ஸில் வந்த தோழியும் நானும் ஒரே குழு. நாமும் வாங்கிவிடலாம் என்றாள் அவள். நான் முடியாது என்றேன்.

"உனுக்கு இன்னாடி அவ்ளோ வீம்பு? எல்லாரும் பண்றதுதானே?"

"எல்லாரும் பண்ணட்டும். எவனோ செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லி என்னால கையெழுத்து போட முடியாது."

அவள் வேறு குழுவுக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஆனால் புராஜெக்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் மூன்றாம் ஆண்டு லேபில் என் கண்ணில் பட்டது. டைமர் ஐசி என்கிற சின்னச் சிப் ஒன்றை வைத்து கிளாக் சிக்னல் செய்தோம். மின்னழுத்தம் மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். டிஜிட்டல் சர்க்யூட் முழுக்க இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்துகாட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்தால், மேலே இருக்கும் நேரம் அகலமாகவும் கீழே இருக்கும் நேரம் ஒடுங்கியும் தெரிந்தது. ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நேரம் மேலே இருக்கிறது என்பதைத்தான் டியூட்டி சைக்கிள் என்கிறோம். ஏறும்போது மட்டும் வேலை செய்யும் சர்க்யூட்டுக்கு இந்தக் கோணல் ஒரு பொருட்டில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேலை செய்கிற சர்க்யூட்டில், ஒடுங்கின பக்கத்துக்கு நேரம் போதாமல் தகவல் தப்பிப்போகும்.

"அவுட்புட் வந்துடுச்சில்ல, கிளம்பு" என்றார் லேப் பொறுப்பாளர். கிளம்பினேன். அந்த ஒடுங்கின பக்கம் மனதைவிட்டுப் போகவில்லை.

இதைச் சரிசெய்யப் போகிறேன் என்று வழிகாட்டி மேடத்திடம் சொன்னபோது, அவர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு ஃபிளிப்ஃபிளாப் போட்டுடு. சரிபாதி வந்துடும். சீக்கிரம் முடிஞ்சுடும்."

"வரும் மேடம். ஆனா அது ரெண்டு சுத்தை ஒண்ணாக்கிடும், கிளாக்கோட வேகமும் பாதியாயிடும். வேகம் குறையாம சரிபண்ணணும்."

"வேகம் வேணும்னு யாரு கேட்டா?"

"நான்தான் மேடம் கேக்கறேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே காலனியில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் ஆசிலோஸ்கோப்புக்கு எங்கே போக? ஒரு மல்டிமீட்டர் மட்டும் வைத்திருந்தேன். அதுவே போதும் என்று பிறகு தெரிந்தது. ஐந்து வோல்ட் கிளாக் சரியாகப் பாதி நேரம் மேலேயும் பாதி நேரம் கீழேயும் இருந்தால், மல்டிமீட்டர் சராசரியாக இரண்டரை வோல்ட் காட்டும். என் சர்க்யூட்டும் அதையேதான் செய்தது. சராசரியை எடுத்து இரண்டரையோடு ஒப்பிடும். கூடினால் மேலே இருக்கும் நேரத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு கை போதவில்லை. கூப்பிட்டு மீட்டரின் இரண்டு முனைகளையும் அவளிடம் கொடுத்தேன்.

"ஷாக் அடிக்குமாடி?"

"அடிக்காதும்மா. கெட்டியா புடி. மீட்டர்ல இன்னா நம்பர் வருதுன்னு சொல்லு."

"மூணுக்கு மேல கீது. எறங்குது... ரெண்டரைல நின்னுக்கினு கீது."

டைமரின் திருகைத் திருப்பி வேண்டுமென்றே கிளாக்கைக் கெடுத்தேன். எண் குதித்தது. கொஞ்சம் தள்ளாடிவிட்டு மறுபடி இரண்டரைக்கு வந்தது.

"நீ திருப்பனா ஓடுது. அப்பறம் அங்கயே வந்து குந்திக்குது" என்றாள் அம்மா. போதும், விட்டுவிடு என்றேன். அவள் விடவில்லை. "இன்னொரு வாட்டி திருப்பு, பாக்கலாம்" என்றாள்.

தேர்வு நாளன்று வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் மதிப்பெண் போட வந்திருந்தார். எனக்கு முன்னால் என் தோழியின் குழு பெட்டியைத் திறந்து காட்டியது. இரண்டு கேள்வி கேட்டு, நன்றாயிருக்கிறது என்று அனுப்பினார். நான் போனேன்.

"எந்த ஊரும்மா?"

"உத்திரமேரூர் பக்கம் சார்."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா?"

"காலனி சார்."

தலையாட்டினார். வயர்களைச் செருகியிருந்த என் பிரெட்போர்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "யாரு பண்ணிக் கொடுத்தது? உண்மையைச் சொன்னா மார்க்கைக் குறைக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போர்டை அவர் கையிலிருந்து வாங்கி, எல்லா வயர்களையும் பிடுங்கி மேசைமேல் போட்டேன்.

"உங்க எதிர்லயே திரும்பக் கட்டறேன் சார்."

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா."

"நீங்க மத்தவங்களைப் பாருங்க. நான் அந்த ஓரத்துல உக்காந்து கட்டறேன். முடிஞ்சதும் கூப்பிடறேன்."

அவருக்குப் பின்னால் மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகச் செருகினேன். கட்டி முடித்துக் கூப்பிட்டபோது ஆசிலோஸ்கோப் திரையில் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. "அவ்வளவுதானா?" என்று சிரித்தார்.

"ரெண்டு வயர் மாறிடுச்சு சார். குறைக்கவேண்டியது கூட்டிக்கிட்டே போகுது." மாற்றிப் போட்டேன். கோடு உடைந்து, மேலும் கீழுமாய் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் வந்து நின்றது. அவர் டைமரின் திருகைப் பிடித்துத் திருகினார். அலை ஒருபக்கம் சாய்ந்தது, நேராகிவிட்டது. இன்னும் திருகினார், தாங்கியது. கடைசிவரை திருகியபோது தோற்றுப்போனது.

"அதுக்கு மேல பிடிக்காது சார். அறிக்கையிலயே எழுதியிருக்கேன்" என்றேன்.

தாளில் ஏதோ எழுதிவிட்டு, "நெக்ஸ்ட்" என்றார்.

மதிப்பெண் வந்தபோது பெட்டி வாங்கியவர்கள் எல்லாருக்கும் கீழே இருந்தேன். "பேசாம பதில் சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றார் மேடம். நான் நேராகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனேன்.

"வெளியிலேர்ந்து வந்தவர் போட்ட மார்க்கும்மா. என்னால மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லி வரலை சார். என்கிட்ட கேட்டதை அவர் வேற யார்கிட்டயும் கேக்கலை. அது உங்களுக்குத் தெரியணும்."

என்ன கேட்டார் என்று விசாரித்தார். ஊருக்குள்ளயா என்று கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். எழுதித் தர முடியுமா என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் மதிப்பெண் போட அந்த வெளியாளைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். என் புகாரால்தானா என்று யாரும் சொல்லவில்லை. மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. இன்று சிப்களைச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எந்த நேர்காணலிலும் அந்த மதிப்பெண் தாளை நான் அடியில் மறைத்து வைத்ததில்லை. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் நடந்ததைச் சொல்வேன். கேட்கிறவர் முகம் மாறினால் மாறட்டும்.