தூக்குங்க காலை

மலைக்காப்பகத்தின் கீழ்வாசலில் பிரஷ் அக்காவைத் தாண்டி ஒரு ஈ காக்கைகூட மேலே போக முடியாது. பதினொரு வருடமாக அதே மர ஸ்டூல், அதே வாளி, அதே முரட்டுப் பிரஷ். ஏறுகிற ஒவ்வொருவரும் காலைத் தூக்கிக் காட்டி, செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மண்ணில் களைச்செடியின் விதை இருக்கும். மேல்புல்வெளியில் அது ஒன்று முளைத்தால் போதும், நாலே வருடத்தில் அங்கே வேறு பூ பூக்காது.

இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"இது புது ஷூ அக்கா, நேத்துதான் வாங்கினேன்."

"பார்க்கிங்ல இருந்து பறந்தா வந்துச்சு? தூக்குங்க காலை."

இன்னொருவர் தன் மாமா பெரிய அதிகாரி என்றார். மாமா வந்தாலும் காலைத் தூக்கத்தான் வேண்டும் என்றாள். வீட்டிலும் நிம்மதியில்லை. கணவர் வாசற்படியில் நின்று, "உள்ள வரலாமா, இல்ல காலைக் காட்டணுமா?" என்பார். அவளுக்கு எரிகிற எரிச்சலில் சோறுகூட இறங்காது.

அவளுக்கு இருந்த ஒரே சுகம் திங்கட்கிழமை. அன்று காப்பகத்துக்கு விடுமுறை. மழைமானியின் அளவைப் பார்த்து எழுத அவள் ஒருத்தி மட்டும் மேல்புல்வெளிக்கு ஏறுவாள். அங்கே யாரிடமும் கத்த வேண்டாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

இந்தத் திங்கள் தாவர ஆய்வாளரும் கூட வந்தார். மழைமானிக்குப் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவே இல்லை. களைச்செடி. அதுவும் புல்லுக்குள் மறைந்து, ஒரு பாய் அகலத்துக்கு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா சார்! படிச்சுப் படிச்சு சொன்னேனே. எந்தத் தடிமாடு தேய்க்காம வந்துச்சோ!"

"பாதையில ஒண்ணுகூட இல்லம்மா. இங்க மட்டும்தான் இருக்கு. இந்த இடத்துக்கு யாரெல்லாம் வருவாங்க?"

"யாருக்கும் அனுமதி இல்ல சார். நான் மட்டும்தா..."

திங்கட்கிழமை பிரஷும் வாளியும் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தாளா? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா? எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்! அவமானத்தில் காது மடல் சுட்டது.

ஆய்வாளர் கையிலிருந்த அறிக்கைத் தாளைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "பார்வையாளர் மூலமா வந்திருக்கலாம்னு எழுதிடறேன். உங்க பேரைப் போட்டா அப்புறம் உங்களை மேல விட மாட்டாங்க."

அவள் கேட்ட சாக்குகளிலேயே இதுதான் சுலபமான சாக்கு. அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது. புல்வெளியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"என் பேரையே போடுங்க சார்," என்றாள். "வாசல்ல நான் உக்காந்திருந்தா என்னை விட்டிருப்பேனா?"