உப்புப் பார்க்காத குழம்பு

அந்த நடிகர் பேசியது சென்னையில், ஏதோ ஒரு படத்தின் பாட்டு வெளியீட்டு விழாவில். அந்தப் பேச்சு என் தலையில் வந்து விழுந்தது திருவாதவூருக்கு வெளியே, ஒரு கண்மாய்க்கரைக் கோயிலில், நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

சாமிக்குக் கிடா வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கிடாவைவிட மூளை குறைவு என்கிற மாதிரி அவர் சொல்லியிருந்தார். கூட்டம் கைதட்டியது. நான் நாத்திகன், எவனுக்கும் பயப்பட மாட்டேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அதற்கும் கைதட்டல். மறுநாள் காலைக்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. பேரப்பிள்ளைக்கு முடியெடுத்துக் கிடா வெட்ட மதுரையிலிருந்து வேன்களில் வந்து இறங்கிய குடும்பம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது.

நான் அவர்களுக்குச் சமைக்க வந்த கூட்டத்தில் ஒருவன். கூட்டம் என்றால் மாஸ்டர், அவருடைய தம்பிகள் இருவர், பாத்திரம் கழுவ வந்த இரண்டு அக்காமார், பிறகு நான். அடுப்புப் பற்றவைக்கும் முன் பூசாரி வந்து எல்லோருக்கும் திருநீறு பூசினார். என் முறை வந்தபோது எப்போதும் போலக் கும்பிட்டு, வேண்டாம் என்றேன். மற்ற ஊர்களில் மாஸ்டர் “அவன் அப்படித்தேன் சாமி” என்பார், பூசாரிகள் அடுத்த நெற்றிக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் என்ன, கல்யாணமானவன், வேன் வைத்து ஓட்டுகிறவன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, நீங்க நாத்திகமா?”

சாமி கும்பிடுவதில்லை என்று சொன்னேன்.

“அப்ப நேத்து எங்கள ஆட்டுக்குங் கீழன்னு பேசுனது உங்க ஆளு.”

எனக்கு இது புதிதில்லை. பசுமலையில் கிறிஸ்தவ விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தேன். அப்பா செத்ததும் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு திருப்பூர் கேன்டீன், எர்ணாகுளத்தில் புரோட்டாக் கடை, பம்பாயில் கொஞ்ச காலம், திரும்பவும் மதுரை. விடுதியில் காலையும் மாலையும் ஜெபம் செய்தேன். பிறகு கோயில் கோயிலாக அன்னதானம் சாப்பிட்டேன், கும்பிடவும் செய்தேன். எந்த ஊரில் கும்பிடுவது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பால்பல் விழுந்த மாதிரி, ஒருநாள் நாக்கு தேடிப் பார்த்தபோது அங்கே இல்லை. யார் மேலும் கோபப்பட்டு நிறுத்தவில்லை. எந்தப் புத்தகமும் படித்து நிறுத்தவில்லை.

ஆனால் பிரபலமான ஒருவர் எங்காவது சாமியைத் திட்டிப் பேசினால், அடுத்த நாள் எனக்குத்தான் விசாரணை. திருப்பூரில் இப்படி ஒரு பேச்சுக்கு மறுநாள் என் தட்டில் சோறு வைக்கிறவர் குழம்பு ஊற்றாமல் தாண்டிப் போனார். மதுரையில் ஒரு டிவி விவாதம் முடிந்த வாரத்தில் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். கேட்டால் சொந்தக்காரர் வருகிறாராம். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிளம்புவது எனக்கு எப்போதும் சுலபம். இந்த மாஸ்டரிடம்தான் மூன்று வருஷம் நின்றிருக்கிறேன். அவ்வளவு காலம் நான் எங்கேயும் நின்றதில்லை. நிற்கப் பிடித்திருந்தது.

அந்த நடிகர் சொன்னதில் பாதியை நானும் நினைக்கிறேன். கல்லில் சாமி இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவரைப் போன்றவர்கள் மேடையேறிப் பேசிப் பேசித்தான், என்னைப் போன்றவன் ஒரு பூசாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் உட்கார முடிகிறது. அதையும் மறுக்க முடியாது. ஆனால் அவர் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார். மிச்சப் பேச்சை நாங்கள் பேச வேண்டியிருக்கிறது. கிடா வெட்டுகிறவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடப் போவது அவர் இல்லை.

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தேன்.

அப்போது மாஸ்டருக்குப் போன் வந்தது. ஊரில் அவருடைய பெரியப்பா மகன் இறந்துவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கோயிலின் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் வெளியே நின்றார். கிடா அறுத்துக் கறி வந்துகொண்டிருந்தது. அந்தக் கோயிலில் அன்றைக்கு ஒரே அண்டாக் குழம்புதான். அதில் முதல் அகப்பை சாமிக்குப் படையல், பிறகுதான் எல்லோருக்கும். அந்த அடுப்பைப் பெண்கள் தொடுவது வழக்கமில்லை. குடும்பத்து ஆண்களுக்கோ சுடுதண்ணீர் வைக்கத் தெரிந்தாலே அதிகம். தீட்டில்லாத சமையல்காரன் நான் ஒருவன்தான். செத்தால் எனக்குத் தீட்டு வருகிற அளவுக்கு நெருங்கியவர்கள் யாரும் மிச்சமில்லை.

சமைப்பதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. படையல் குழம்பை வைக்கிறவன் துண்டால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். இறக்கும் வரை பேசக் கூடாது, உப்புப் பார்க்கக் கூடாது. சாமிக்கு முன்னால் மனுஷ நாக்கில் பட்டால் அது எச்சில், படைக்க முடியாது.

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எல்லைக்கல்லருகே போய் மாஸ்டரிடம் சத்தம் போட்டார். சாமியே இல்லை என்கிறவன் கையால் சாமிக்குச் சமைப்பதா, அவன் உப்புப் பார்க்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம், அவனுக்கு எது பயம் என்று கேட்டார். பையன் போனை உயர்த்திக் காட்டி, இந்தக் கூட்டமே இப்படித்தான் என்றான். மாஸ்டர் பழனிக்கு வருஷா வருஷம் நடக்கிறவர். சாவுச் செய்தி கேட்டு நின்ற அந்த நிலையிலும் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

“அவன் சாமி கும்பிட மாட்டான், அம்புட்டுத்தேன். ஒரு சாமியார போலீசு பிடிச்சிட்டுப் போனாங்களே, அப்ப எங்கிட்ட வந்து யாராச்சும் கேட்டீகளா, உங்க ஆளு இப்பிடிப் பண்ணிட்டாருன்னு?”

பையன் போனை இறக்கினான். ஆனாலும் அதோடு முடியவில்லை. நேர்ந்துகொண்டவரைக் கேட்போம் என்றார் பெரியவர்.

நேர்ந்துகொண்டவர் குழந்தையின் அம்மாச்சி. ஐம்பது வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயோ பிள்ளையோ என்று டாக்டர்கள் கைவிரித்த இடத்தில், இரண்டும் பிழைத்தால் கிடா வெட்டிச் சோறு போடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நேர்ந்துகொண்டவர். இரண்டும் பிழைத்தன. படையல் கெட்டால் கெடுவது அவருடைய வாக்கு. எனக்கு அது விளங்கியது. அவர் என் முன்னால் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமி இல்லங்கிறியா தம்பி?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லக்கா.”

“அந்தாளு மாதிரி நீயும் எங்கள மூளையில்லாதவகன்னுதேன் நினைக்கிறியா?”

“அவரு பேசுனது அவரு பேச்சுக்கா. அவரு படத்துக்கு ஒருவாட்டி போனேன், பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“உப்புப் பாக்க மாட்டியே?”

“பாக்க மாட்டேன்.”

பெரியவர், எதன் மேல் சத்தியம் செய்வான் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. சாமி மேல் நான் சத்தியம் செய்தால் அதற்கு மதிப்பில்லை. செத்துப்போன அப்பா மேல் செய்யலாம், ஆனால் அவர் கேட்கப் போவதில்லை. சத்தியமெல்லாம் இல்லை, அக்காவிடம் சொன்னால் சொன்னதுதான் என்றேன். அந்த அம்மா தன் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து நீட்டினார்.

“கட்டு. கட்டிக்கிட்டா எல்லா வாயும் ஒண்ணுதேன்.”

மாஸ்டர் எல்லைக்கல்லுக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, “பாத்துக்க மாப்ள, வாரேன்” என்று பைக்கில் ஏறினார். குடும்பம் அவருக்குப் பல தலைமுறை வாடிக்கை. இன்றைக்குக் கெட்டால் அவர்களும் போவார்கள், நானும் போக வேண்டியதுதான்.

வாயைக் கட்டிக்கொண்டு அண்டா முன் நின்றேன். பையன் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து என்னையே பார்த்தான். மசாலா வதக்கினேன், கறி போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். உப்பு வரை எல்லாம் கை அறிந்த வேலை. உப்பு அப்படியில்லை. இவ்வளவு பெரிய அண்டாவுக்கு மாஸ்டர்தான் போடுவார். நான் உப்புப் பார்த்துப் பார்த்தே பழகியவன். பார்க்காமல் போட்டதே இல்லை. ஒரு கை கல் உப்பை அள்ளிக்கொண்டு நின்றேன். கூடிவிட்டால் அண்டா முழுவதும் வீண். குறைந்தால் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பயந்து பயந்துதான் போட்டேன்.

குழம்பு கொதித்து மணம் வந்த நேரத்தில் வேனை நிழலுக்கு நகர்த்தச் சொல்லி யாரோ கூப்பிட, பையன் எழுந்து போனான். புகைக்குப் பின்னால் நான் தனியாக நின்றேன். துண்டைக் கொஞ்சம் இறக்கி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினால் போதும். எல்லார் வீட்டுச் சமையலிலும் செய்கிற காரியம். யாருக்கும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை மேலிருந்து பார்க்கவும் ஆள் இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. உப்பு சரியாக இருந்தால், பார்த்துவிட்டான் என்பார்கள். கூடியோ குறைந்தோ இருந்தால், நாத்திகன் கையைச் சாமி ஏற்கவில்லை என்பார்கள். எப்படி விழுந்தாலும் அடி எனக்குத்தான். அப்படியிருக்க, பார்த்தாவது தொலைக்கலாமே என்று கை கரண்டி வரை போனது. அந்த நடிகரோ பூசாரியோ அப்போது நினைவுக்கு வரவில்லை. துண்டில் அந்த அம்மாவின் வீட்டுச் சோப்பு வாசனை இருந்தது. அவ்வளவுதான். கரண்டியை மூடிமேல் வைத்துவிட்டு விறகை உள்ளே தள்ளினேன்.

படையல் போட்டார்கள். பூசாரி மணியடித்தார். மொட்டையடித்த குழந்தை சந்தனம் காயக் காய அழுதது. பிறகு வேப்பமர நிழலில் பந்தி உட்கார்ந்தது. நான் துண்டை அவிழ்த்துவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். பெரியவர்தான் முதல் வாய் எடுத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்து இலைக்காரரைப் பார்த்தார். அவரும் மென்றுவிட்டு இவரைப் பார்த்தார். பந்தியில் சத்தம் குறைந்துகொண்டே போனது. என் பை எங்கே கிடக்கிறது என்று என் கண் தேடியது. பழக்க தோஷம்.

பையன் ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டான். “உப்பே இல்ல” என்றான்.

அந்த அம்மா பந்தியின் கடைசியில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டுச் சிரித்ததில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

“பாக்கலடா” என்றார். “அவன் பாக்கல. இம்புட்டு மோசமா ஒருத்தன் உப்புப் பாத்துட்டாப் போடுவான்?”

பெரியவர் தலையை ஆட்டினார். ஆட்டியதில் பாதி சிரிப்பு. உப்புக் குறைந்தால் சாமி உடம்புக்கும் நல்லதுதான் என்று யாரோ சொல்ல, பந்தி முழுக்கப் பரவியது சிரிப்பு. உப்பு கேட்டு ஒவ்வொரு இலையிலிருந்தும் குரல் வந்தது. உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தது அந்தப் பையன்தான். இலைக்கு இலை ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தவன், என்னிடம் வந்து நின்றான்.

“அண்ணே, உங்க ஆளா இருந்தா பாத்திருப்பாருல்ல?”

தெரியாது என்றேன். அவரும் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவரை யாரும் அண்டா முன்னால் நிறுத்திப் பார்க்கவில்லையே என்றேன். அவன் அதை யோசித்தபடியே எனக்கு ஒரு இலை எடுத்துப் போட்டான், உப்பும் வைத்தான்.

சாயங்காலம் மாஸ்டர் போன் செய்தார். இறந்தவரைக் காடு சேர்த்துவிட்டு அப்போதுதான் குளித்திருந்தார். உப்பு எப்படி என்றுதான் முதலில் கேட்டார். குறைந்துவிட்டது என்றேன். “தப்பிச்ச மாப்ள” என்றார்.

அந்த நடிகர் அதற்குப் பிறகும் இரண்டொரு மேடைகளில் பேசிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் எனக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கூடவே, “இதுக்கு என்ன சொல்றீங்க அண்ணே” என்று கேட்கிறான். முன்பெல்லாம் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். சில பேச்சுக்குச் சரி என்று எழுதுகிறேன். சிலதுக்கு, இது அவர் பேச்சு, எனக்கு இதில் சம்மதமில்லை என்று எழுதுகிறேன். அவன் ஒரு கும்பிடு போட்ட கை அனுப்புகிறான். அதன் அர்த்தம் என்னவென்று நான் கேட்டதில்லை.

என் பை மாஸ்டர் வீட்டு மாடியறையில் ஆணியில் தொங்குகிறது. அந்தக் குடும்பத்தில் இரண்டாவது மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கும் முடியெடுக்க வேண்டும். மாஸ்டருக்குத் தீட்டில்லை. இருந்தாலும் படையல் அண்டாவுக்கு என்னைத்தான் கேட்டிருக்கிறார் அந்த அம்மா. துண்டு அவரே கொண்டுவருகிறாராம். உப்பை மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லியிருக்கிறார்.