தீவுக்குக் கிளம்பிய சகலை

ஊரார் உல்லாசமாகப் போய்வர வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் சைக்கிள் கடைக்காரன் பிழைப்பு. தையல்காரர்களே, கல்யாணச் சமையல்காரர்களே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் புதிதாக இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் நான் கடை வைத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

எந்தத் தீவு?

என் மனைவியின் தங்கையை அமராவதிபுதூரில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் சுப்பையா டிரில் வாத்தியார். கோடை முழுக்கச் சம்பளத்தோடு லீவு; அதுவே எனக்குப் பொறுக்காது. அந்த வருஷம் இன்னும் இரண்டு வாத்தியார்களோடு சைக்கிளிலேயே ஒரு தீவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார். முதலில் சிலோன் என்றார். பாஸ்போர்ட் வேண்டும் என்றதும் ராமேஸ்வரத்துக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் போக நினைத்து, கடையைப் பூட்ட மனசில்லாமல் தள்ளிப்போட்ட இடம் அது. அன்று அவரோடு கடைக்கு வந்திருந்த கொழுந்தியாளுக்குக் கடல் என்றாலே பயம்.

"அத்தான், நாலு ஊருக்குப் போற ஆளுக உங்க கடைக்குத்தான் வாராக. சந்தோஷமாவும் இருக்கணும், பத்திரமாவும் திரும்பணும். அப்படி ஒரு தீவாப் பாத்துச் சொல்லுங்க."

காவிரிக்கு நடுவே

ஸ்ரீரங்கம் என்றேன். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், அதுவும் தீவுதானே! கோடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. ராமேஸ்வரத்தில் கடற்காற்று ஆளையே தள்ளிவிடும், மணலில் சக்கரம் புதையும் என்று அளந்துவிட்டேன். அங்கே போய்வந்தவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் வேறு: காலியான ரோடு, உப்புக்காற்று, சுடச்சுட மீன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கொழுந்தியாள் நம்பிவிட்டாள். சுப்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சாமி கும்பிடணும்னா பஸ்ஸுலயே போயிருவேண்ணே. எனக்குக் கடல் பாக்கணும். வண்டியப் பாத்து வைங்க, வெள்ளிக்கிழமை கெளம்புறோம்."

முன் டயர்

மற்ற இரண்டு வண்டிகளையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். சுப்பையாவின் முன் டயர் ஓரத்தில் கிழிந்து நூல் தெரிந்தது. மாற்றியிருக்க வேண்டும். உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, வெளியே கறுப்பு மை தடவிக் கொடுத்தேன். தேவகோட்டையோடு படுத்துவிடும், பஸ் ஏறித் திரும்பட்டும் என்ற எண்ணம்தான்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர், வழியில் மூன்று வாத்தியார்கள் இறக்கத்தில் கையை விட்டுப் பறப்பதைப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். அந்த வேகத்தில் முன் டயர் வெடித்தால்? புது டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாடகை சைக்கிள் ஒன்றில் ஏறி மிதித்தேன். தேவகோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் மூவரும் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு வாங்க, "டயர் சரியில்ல தம்பி" என்றேன். சுப்பையா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நேத்தே தடவிப் பாத்தேண்ணே. நீங்க மாட்டிக் குடுத்ததாச்சே, சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன்."

பாலத்துக்கு அங்குட்டு

புது டயரை அங்கேயே மாட்டிக் கொடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் போக விடவில்லை. பஸ் கண்டக்டர் ஒருவரிடம் வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். அப்போது தீவுக்கு ரோட்டுப் பாலம் கிடையாது; மண்டபத்தில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிப் பாலம் கடந்தோம். தீவில் நாலு நாளும் கடலோரம் மிதித்தோம், குளித்தோம், தின்றோம். அங்கேயும் சுப்பையாதான் முன்னால் போனார். அங்கேயும் எனக்கு எரிந்தது.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் காத்திருந்த கொழுந்தியாள் வாசலுக்கே ஓடிவந்து, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி என் மனைவியிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற சுப்பையாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அத்தான் கடையப் போட்டுட்டுக் கூடவே போனாகள்ல, அதான்க்கா இவுக பத்திரமா வந்து சேந்தாக!"

அதற்குப் பிறகும் சுப்பையா எங்கே கிளம்பினாலும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது, ஆனால் முதலில் நல்ல டயராகப் பார்த்து மாட்டிவிட்டு அப்புறம்தான் எரியவிட்டேன்.